ஒன்பது வோல்ட் பேச்சு

"டீச்சர், மீட்டர் சைபர் காட்டுது. ஆனா மெஷின் பேசுது. எது பொய்?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அய்யாத்துரை கேட்டுவிட்டார்.

தில்ஷாத் நிமிரவில்லை. ரிப்பேருக்கு வந்த யாரோ ஒருத்தரின் காது மெஷின் அவள் மேஜையில் பிரிந்து கிடந்தது.

"என்ன மீட்டர்?"

பையிலிருந்து எடுத்து வைத்தார். கிளாம்ப் மீட்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் சாமான். துறையூரைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் போர் மோட்டார் நின்றாலும் அய்யாத்துரையைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் இந்த மீட்டருமாகப் போவார்கள்.

"இது லாரி எடை போடுற மேடை, அண்ணே."

"சரி."

"அதுல ஒரு எறும்பை ஏத்திட்டு, எடையே இல்லைன்னு சொன்னா?"

"மேடை பொய் சொல்லுது."

"இல்ல. அதுகிட்டக் கேக்கக் கூடாததை நீங்க கேட்டீங்க. அது மோட்டாருக்குப் பொறந்தது. பேட்டரி கரண்ட்டு அது கண்ணுக்கே தெரியாது."

அய்யாத்துரை மீட்டரைத் திரும்பப் பைக்குள் போட்டார். இத்தனை வருசமும் அதை நம்பித்தான் சாப்பிட்டார். இப்போது அது ஒன்றுமில்லை.

*

பேசுகிற மெஷின் அவர் மனைவி செங்கமலத்துடையது.

தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் டார்ச் லைட் அளவில் ஒரு மெஷின் கொடுத்தார்கள். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். உதட்டை அசைத்தால் அந்த ரீங்காரம் வார்த்தையாகும். உள்ளே ஒன்பது வோல்ட் கட்டை பேட்டரி ஒன்று. அவள் குரல் அவ்வளவுதான்.

இப்போது அது பாதிப் பேச்சில் அமுங்கிப்போகிறது.

புற்றும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அய்யாத்துரை கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள்.

"மெஷினை இங்க விட்டுட்டுப் போங்க. பாத்து வைக்கிறேன்" என்றாள் தில்ஷாத்.

"எப்பக் கெடைக்கும்?"

"ரெண்டு மூணு நாள் ஆவும்."

"அதுவரைக்கும் அவ எதுல பேசுவா?"

தில்ஷாத் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எனக்குக் கத்துக் குடுங்க. வீட்டுல வச்சு நானே பாக்குறேன்."

"நீங்க நானூத்தி நாப்பது வோல்ட்டுல வேலை பாத்த ஆளு. இது ஒம்பது."

"நானூத்தி நாப்பதே என்கிட்ட அடங்குச்சு, டீச்சர்."

"அதான் பயமா இருக்கு."

அவளுக்கு முப்பது வயசுகூட இல்லை. ஒரு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தாள். சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வேலை போனது, டீச்சர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தலை நரைத்தவர் அவள் முன்னால் ஸ்டூலில் குந்திப் பாடம் கேட்கிறாரே என்று கீழே சைக்கிள் கடையில் சிரித்தார்கள்.

அய்யாத்துரைக்கு வெட்கமில்லை. வெட்கப்பட நேரமில்லை.

*

அடுத்த தடவை பழைய ஊசி மீட்டர் ஒன்றோடு வந்தார்.

"மெஷினைத் தொறந்து, சத்தம் உண்டாகுற எடத்துல வோல்ட் பாத்தேன். மீட்டரை வச்சா சத்தம் அமுங்குது. எடுத்தா வருது. மெஷினுக்கு மீட்டரைக் கண்டா ஆகல."

கீழே இருந்து அவருக்கு டீ வந்திருந்தது. இன்னும் வாய் வைக்கவில்லை.

"உங்க கிளாஸ்ல டீ எவ்வளவு இருக்கு?" என்றாள் தில்ஷாத்.

"முழுசா இருக்கு."

"அளந்து சொல்றேன்."

கிளாஸை எடுத்து, தன் தம்ளரில் அதைச் சாய்த்தாள். பாதி போனதும் நிறுத்தி, தம்ளரை உயர்த்திப் பார்த்தாள்.

"உங்க கிளாஸ்ல பாதிதான் இருக்கு" என்று அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்கதான ஊத்துனீங்க."

அவள் தன் பங்கு டீயைக் குடித்தாள்.

அய்யாத்துரைக்கு எரிச்சலாக வந்தது. ஒரு டீ போச்சு, பாடமும் வரவில்லை. எழுந்து படியிறங்கினார். பாதிப் படியில் நின்றார். ஊசி சும்மா அசையாது. அசைய ஏதாவது தின்ன வேண்டும். அது தின்றது யாருடைய சோறு?

திரும்ப ஏறினார்.

தில்ஷாத் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை மேஜை ஓரத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

"இதுக்கு வயிறு சின்னது. வோல்ட் பாக்குறப்ப ஒரு துளிதான் குடிக்கும்."

"நல்ல மீட்டர்னா எது டீச்சர்? வெல கூடுனதா?"

"தான் வந்ததே தெரியாம பாத்துட்டுப் போறது."

*

"கடைசி நம்பர் நிக்கவே மாட்டேங்குது டீச்சர். ஆறுங்குது, ஏழுங்குது, திரும்ப ஆறுங்குது. எது நெசம்?"

"ஆடுறதுதான் நெசம்."

"நிக்கிற மாதிரி ஒரு மீட்டர் குடுங்க."

"நிக்கிற மாதிரி வேணும்னா கடைசி நம்பரை மறைச்சுக்கங்க."

அவர் மறைக்கவில்லை. வீட்டுக்குப் போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி வந்தபோது வேறு கேள்வி.

"பேட்டரி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்னு மீட்டர் சொல்லுமா?"

"இப்ப எவ்வளவுன்னு சொல்லும். இன்னும் எவ்வளவுன்னு சொல்லாது."

"அதச் சொல்ற மீட்டர் எங்கயாச்சும் இருக்கா?"

"இருந்தா வாங்குவீங்களா?"

அய்யாத்துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பஸ் ஸ்டாண்டில் யாரோ ஊர்ப் பேர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை என்று இருவருக்குமே தெரியும்.

தில்ஷாத்தே பேச்சை மாற்றினாள்.

"வோல்ட் மட்டும் பாத்தா பத்தாது. கரண்ட்டும் பாக்கணும். வோல்ட் பாக்கப் பக்கத்துல நின்னா போதும். கரண்ட் பாக்க, ஓடுற வழியைப் பிரிச்சு நடுவுல போய் நிக்கணும். அதுக்குச் சிவப்பு ஒயரை வேற ஓட்டைக்கு மாத்தணும். ரெண்டு ஓட்டை இருக்கு. சின்ன கரண்ட்டு ஓட்டை துல்லியமாச் சொல்லும், ஆனா வழிய அடைக்கும். பெரிய ஓட்டை மோட்டாவாச் சொல்லும், வழிய விடும்."

"நான் எதுல சொருவுறது?"

"அவங்க பேசணுமா, உங்களுக்கு நம்பர் துல்லியமா வேணுமா?"

"அவ பேசணும்."

"அப்ப பெரிசுல. வேலை முடிஞ்சதும் ஒயரைப் பழைய எடத்துக்கு மாத்திருங்க. மறந்துறாதீங்க."

"நான் மறக்குற ஆளா?"

மறந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செங்கமலம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மெஷின். பேட்டரி வெளியே தொங்கியது. ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சேர்த்திருந்தார்.

"பேசு."

"என்னத்தப் பேச?" தட்டையான ரீங்காரம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"எதையாச்சும் பேசு. மெஷின் ஓடுனாத்தான் நம்பர் வரும்."

"நான் என்ன போர் மோட்டாரா? போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பு மெஷினில் வராது, முகத்தில் மட்டும்தான்.

"தண்ணி வருதான்னு பாக்குறேன்" என்றார்.

"வரலன்னா இன்னொரு போர் போட்டுருவீங்க. ஆம்பளைங்க."

கரண்ட் எத்தனை மில்லி ஆம்பியர் என்று பார்த்துக்கொண்டார். "போதும்" என்றார். பேட்டரியைத் தனியே கழற்றி, வோல்ட் எவ்வளவு என்று பார்க்க மீட்டரின் குமிழைத் திருப்பினார். குமிழை மட்டும் திருப்பினார். சிவப்பு ஒயர் கரண்ட்டு ஓட்டையிலேயே இருந்தது.

பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். சைபர்.

சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று அழுத்தினார். சைபர். இன்னும் அழுத்தினார். பேட்டரி கையில் சுட ஆரம்பித்தது. அப்போதும் நம்பரைத்தான் பார்த்தார். பிடிக்க முடியாமல் சுட்ட பிறகுதான் கீழே போட்டார்.

பேட்டரி செத்துவிட்டது. வேறு பேட்டரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் சாத்தியிருந்தன.

அன்றைக்கு அப்புறம் செங்கமலம் தம்ளரால் கட்டில் காலைத் தட்டித்தான் அவரைக் கூப்பிட்டாள். தண்ணி கொடுத்தார். ஃபேனைக் கூட்டினார். முதுகுக்குத் தலையணை வைத்தார். ஒரு தடவை தட்டியபோது அவள் கேட்டது அது எதுவுமே இல்லை. தண்ணியா? இல்லை என்று தலையை ஆட்டினாள். மாத்திரையா? ஆட்டினாள். சன்னலைச் சாத்தவா? அவள் உதடு அசைந்தது. அவருக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை அசைத்தாள். அப்புறம் போதும் என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

*

"பேட்டரியே சரியில்ல டீச்சர். புதுசு. சைபர் காட்டுச்சு, சுட்டுச்சு, செத்துருச்சு."

தில்ஷாத் மீட்டரைக் கையில் வாங்கினாள். சிவப்பு ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பார்த்தாள். அதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அய்யாத்துரை பார்த்தார்.

"நாந்தான் கொன்னுருக்கேன்."

"வழியில நிக்கிற வேஷத்தோட பக்கத்துல போய் நின்னுருக்கீங்க. இருக்கறதெல்லாம் மீட்டர் வழியாவே ஓடிருச்சு."

"ஒம்பது வோல்ட்டுதானேன்னு இருந்துட்டேன்."

"நானூத்தி நாப்பதுல இப்படி மறப்பீங்களா?"

"நானூத்தி நாப்பதுல மறந்தவன் படியேறி வந்து டீச்சர்கிட்டக் கேக்க மாட்டான். படத்துல தொங்குவான்."

தில்ஷாத் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து இன்னொரு மீட்டரை எடுத்தாள். ஒன்றின் கரண்ட்டு ஓட்டைகளைக் கறுப்பு டேப் வைத்து ஒட்டினாள். இன்னொன்றின் வோல்ட்டு ஓட்டையை ஒட்டினாள்.

"இது பக்கத்துல நிக்க. இது வழியில நிக்க. மாத்தவே மாத்தாதீங்க. ரெண்டையும் ஒண்ணா மாட்டிட்டு அவங்களைப் பேசச் சொல்லுங்க. பேட்டரிகிட்ட எவ்வளவு வோல்ட், மெஷினுக்குள்ள இருக்கற சர்க்யூட் பலகைகிட்ட எவ்வளவுன்னு பாருங்க. நடுவுல எங்க கொறையுதோ அங்கதான் திருடன்."

போகும்போதே புது பேட்டரி வாங்கிப்போனார். அன்றைக்கே திருடன் அகப்பட்டான். செங்கமலம் பேசும்போது பேட்டரியில் ஒன்பது இருந்தது. பலகைக்கு ஆறுதான் வந்தது. பேட்டரியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. பிளேடு நுனியால் சுரண்டினார். துணியில் துடைத்தார்.

செங்கமலம் பொத்தானை அழுத்தினாள். கட்டிலே அதிர்ந்த மாதிரி இருந்தது.

*

"சரியாயிருச்சு டீச்சர். காலையில பால்காரனைப் புடிச்சுக்கிட்டா. மாடு கறந்த பாலா, மழை கறந்த பாலான்னு கேக்குறா. தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. அவன் சைக்கிளை விட்டுட்டு எறங்கிட்டான்."

அய்யாத்துரை இவ்வளவு பேசி தில்ஷாத் பார்த்ததில்லை.

"நல்லது" என்றாள். கையை நீட்டினாள்.

மீட்டர்களைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் டீச்சர். இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

"எதுக்கு? சரியாயிருச்சுன்னீங்க."

"சரியாயிருச்சுன்னுதான் ஆஸ்பத்திரியில அப்பவும் சொன்னாங்க. திரும்ப வரலையா?"

அவள் கை மேஜை மேல் அப்படியே இருந்தது. பிறகு திரும்பிப்போனது.

"அண்ணே."

"சொல்லுங்க."

"ஓடுற மெஷினைத் தொறந்து வச்சுக்கிட்டே இருந்தா தூசி போவும்."

"தொடைச்சுருவேன்" என்றார்.

*

அதற்கப்புறம் செங்கமலம் மெஷினைக் கையில் எடுத்தால் முதலில் அவர் சொல்வது "இரு" என்பதுதான்.

அவள் இருப்பாள். கழுத்தில் மெஷினை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல். அவர் பேட்டரியை வெளியே இழுப்பார். ஒரு மீட்டரைப் பக்கத்தில் வைப்பார். ஒன்றை நடுவில் சேர்ப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொள்வார்.

"ம். பேசு."

சில நேரம் அதற்குள் அவளுக்குப் பேச வந்தது மறந்துவிடும். சில நேரம் பேச வேண்டாம் என்று கையைக் கீழே போட்டுவிடுவாள். அவர் விடமாட்டார். "மாட்டியாச்சு. ஒரு வார்த்தை பேசு" என்பார். அவள் "ஆ" என்பாள்.

பார்க்க வந்த அவள் தங்கச்சி வாசலிலேயே சொன்னாள்: "மாமா, அவ என்ன சொல்றான்னு முதல்ல கேளுங்க. அப்புறம் இதெல்லாம்."

"கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

சொன்னபடி அவர் அங்கேயேதான் இருந்தார். வேலைக்குப் போகவில்லை. தோட்டத்திலிருந்து கூப்பிட்டவர்களிடம் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். கட்டிலை விட்டு நகரவே இல்லை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

செங்கமலத்தின் உடம்பு இறங்கியது. கஞ்சி இறங்குவது நின்றது. கை மெலிந்து வளையல் முழங்கை வரைக்கும் போய் வந்தது. எல்லாம் குறைந்தது. இரண்டு மீட்டரிலும் நம்பர் மட்டும் குறையவில்லை. அந்த வீட்டில் அய்யாத்துரை கைபட்டுச் சரியான சாமான் அது ஒன்றுதான். அதைத்தான் அவர் பார்த்தார்.

ஒரு மத்தியானம் அவளே மெஷினை எடுத்தாள். பல நாளாக அவளாக எடுக்கவில்லை.

"இரு" என்றார்.

மாட்டினார். அவள் காத்திருந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்."

பேசினாள். நிறையப் பேசினாள். இடையில் நிறுத்தி மூச்சு வாங்கி, திரும்பப் பேசினாள். இவ்வளவு நேரம் மெஷின் ஒரே மூச்சாக ஓடியதில்லை. வோல்ட் இறங்குமென்று பார்த்தார். இறங்கவில்லை. கரண்ட் ஏறுமென்று பார்த்தார். ஏறவில்லை. கடைசி நம்பர்கூட ஆடாமல் நின்றது.

ரீங்காரம் நின்றது. அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அவள் மெஷினை மடியில் வைத்தாள்.

விடியும்போது அவள் இல்லை.

*

காரியமெல்லாம் முடிந்த பிறகு அய்யாத்துரை படியேறி வந்தார். மொட்டைத் தலை. ஸ்டூலில் உட்காரவில்லை. பையிலிருந்து மெஷினையும் இரண்டு மீட்டரையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"ஒரு கொறையும் இல்ல டீச்சர். கடைசி வரைக்கும் ஓடுச்சு. வேற யாருக்காச்சும் ஆவும். குடுத்துருங்க."

தில்ஷாத் மெஷினை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். வண்டு மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாய் இல்லாத சத்தம். விரலை எடுத்தாள்.

"உட்காருங்க அண்ணே."

உட்கார்ந்தார்.

"கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. தூக்கத்துலயே. மொத நாள் மத்தியானம்தான் நல்லாப் பேசுனா. அவளா எடுத்துப் பேசுனா. ரொம்ப நேரம். நான் பக்கத்துலயே இருந்தேன் டீச்சர். ஒரு நிமிசம் கண்ணை எடுக்கல."

"என்ன சொன்னாங்க?"

சொல்வதற்காக அய்யாத்துரை வாயைத் திறந்தார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. சிரிப்பு போய்விட்டது. அவள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. கழுத்தில் மெஷினைப் பிடித்த கை ஞாபகம் இருந்தது. தேடினார். இன்னும் தேடினார். தில்ஷாத் காத்திருந்தாள்.

"எழுபத்தெட்டு மில்லி ஆம்பியர்" என்றார்.